பார்ப்பதற்கு மட்டும் ஒரு கைப்பிடி

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டுக் குளியலறைச் சுவரிலிருந்து வந்தது. அந்தச் சுவரில் இடுப்பு உயரத்தில் ஒரு கைப்பிடி இருக்கிறது. எவர்சில்வர் கம்பி, இரண்டு முனையிலும் வட்டத் தட்டு, தட்டுக்கு மூன்று திருகாணி. பளபளவென்று இருக்கும். குனிந்து பார்த்தால் உங்கள் மூக்கு அதில் கத்தரிக்காய் அளவுக்குத் தெரியும். மாட்டியவன் நான்.

அது ஓர் ஆளின் எடையைத் தாங்காது. ஓர் ஈரத்துண்டைத் தாங்கும். துண்டு பெரியதாக இருந்தால் அதற்கும் நான் பொறுப்பில்லை.

நாளைக் காலை என் மனைவி அதைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கப் போகிறாள்.

கதை இவ்வளவுதான். விவரம் தெரிந்த எழுத்தாளர்கள் இந்தச் செய்தியைக் கடைசிப் பக்கம் வரை மடியில் கட்டி வைத்திருந்து அவிழ்ப்பார்கள். எனக்கு அவ்வளவு நேரம் இல்லை. இப்போது மதியம். அவள் உள்ளறையில் படுத்திருக்கிறாள். நான் கூடத்து மேசையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். எழுந்து போய் அவளிடம் சொல்ல வேண்டியதை உங்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்பது உங்களுக்கு இதற்குள் புரிந்திருக்கும். புரியாதது போல இருங்கள்.

2

சில தொடக்கங்களை எழுதிப் பார்த்தேன்.

"பெரியவர் டிரில் மெஷினை முதன்முதலாக ஓடவிட்ட அன்று, எதிர்வீட்டுப் பூனை குடும்பத்தோடு வீடு மாறியது. சுவரைத் துளைத்துக்கொண்டு போன எந்திரம், பக்கத்து வீட்டுக்காரர் பல் தேய்த்துக்கொண்டிருந்த கண்ணாடி வழியாக வெளியே வந்து, அவருக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டு—"

[நிறுத்திவிட்டேன். நன்றாகத்தான் போகிறது. அதுதான் பயம். இப்படியே விட்டால் எந்திரம் அடுத்த தெருவுக்குப் போய்விடும்; கைப்பிடி பக்கம் கதை திரும்பியே பார்க்காது. என் வாழ்க்கையில் பாதி விஷயங்களில் இப்படிப் பூனையை முன்னால் அனுப்பிவிட்டு நான் பின்பக்கமாக நழுவியிருக்கிறேன்.]

"ஒரு பெரியவருக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. அதை அவர் யாரிடமும்—"

[இதுவும் சரிப்படவில்லை. யார் அந்த 'ஒரு பெரியவர்'? தவிர, நான் கையால் எழுதுகிறவன். 'நடுங்க' என்ற சொல் வந்த இடத்தில் எழுத்துகள் தாமே நடித்துக் காட்டிவிட்டன. அச்சில் அது தெரியாது என்பதில் எனக்குக் கொஞ்சம் நிம்மதி.]

"கருவிகளின் மேல் மனிதனுக்குள்ள ஆசை மிகப் பழமையானது. முதல் கல்லைக் கையில் எடுத்த நாளிலிருந்து அவன்—"

[கட்டுரை. வெட்கப்படுகிறவன் உடனே கட்டுரைக்குள் நுழைந்துவிடுவான். பழியை மொத்த மனிதகுலத்தின் தலையிலும் போட்டுவிட்டால், கூட்டத்தோடு கூட்டமாகத் தானும் நின்றுகொள்ளலாம்.]

ஆகவே தொடக்கம் இல்லாமலே தொடங்குகிறேன்.

3

என் மனைவி பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சராக இருந்தவள். அவள் விசில் ஊதினால் மைதானம் முழுக்க அப்படியே நின்றுவிடும். ஓடுகிற பிள்ளைகள் மட்டுமல்ல, உயரே போன பந்தும் நிற்கும். [பந்து நிற்காது. பிள்ளைகள் நிற்பார்கள்.] அப்படிப்பட்டவள் சமையலறையிலிருந்து கூடத்துக்கு வரும் வழியில், காய்ந்த தரையில், ஒரு காரணமும் இல்லாமல் விழுந்தாள். இடுப்பெலும்பு. அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. வாக்கரைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் நடக்கிறாள். குளியலறையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துதான் குளிக்க வேண்டும். வாக்கர் அந்தச் சின்ன அறைக்குள் நுழையாது. உட்காரவும் எழுந்திருக்கவும் ஓர் ஆள் வேண்டும்.

அந்த ஆள் எங்கள் மருமகள். மகன் வேலை பார்ப்பது கடலுக்கு அப்பால். மருமகள் எங்களோடு இருந்துகொண்டு இங்கேயே ஓர் அலுவலகத்துக்குப் போய் வருகிறாள். தினமும் கிளம்புவதற்கு முன் மாமியாரைக் குளிக்கவைத்துவிட்டுத்தான் போவாள். முகம் சுளித்து நான் பார்த்ததில்லை. சுளித்திருந்தால் என் மனைவிக்குச் சௌகரியமாக இருந்திருக்கும், பதிலுக்குக் கோபப்படலாம்.

கதவுக்கு இந்தப் பக்கம் கேட்டதை அப்படியே தருகிறேன்.

"அத்தை, கையைத் தூக்குங்க."

"நானே தேச்சுக்கிறேன். நீ தண்ணியை மட்டும் ஊத்து."

"முதுகு எட்டுமா உங்களுக்கு?"

"எட்டாட்டி அழுக்காவே இருந்துட்டுப் போகுது. என் முதுகை யாரு பாக்கப் போறா?"

"நான் பாக்குறேனே."

"அதாண்டி எனக்குப் பிரச்சினையே."

மருமகள் சிரித்தாள். இவள் சிரிக்கவில்லை. ஒரு நாள் தலையைத் துவட்டிக்கொண்டே என்னிடம் சொன்னாள்: "அந்தப் பொண்ணு தங்கம். ஆனா தினமும் காலைல நான் ஒரு சாமான் மாதிரி ஆயிடறேங்க. கழுவி வெக்கிற சாமான். சுவத்துல ஒரு கம்பி மட்டும் இருந்தா போதும், நானே உக்காந்து நானே எந்திரிச்சுப்பேன். மேஸ்திரியைக் கூப்பிட்டு ஒண்ணு மாட்டச் சொல்லுங்க."

"மேஸ்திரி எதுக்கு? நான் செத்தா போயிட்டேன்?" என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். "உங்களுக்கு எதுக்குங்க அந்த வேலை?" என்றாள். அதில் அக்கறை இருந்தது. எனக்கு அது வேறு மாதிரிக் கேட்டது. சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிட்டேன்.

4

கருவிக் கடைக்காரரை நான் ஆமாஞ்சாமி என்று கூப்பிடுவேன், மனசுக்குள். நீங்கள் எதைச் சொன்னாலும் "ஆமாங்கய்யா" என்பார். பிறகு அலமாரியிலிருந்து எதையாவது எடுப்பார்.

"தம்பி, ஒரு கைப்பிடி மாட்டணும். டைல்ஸ் சுவரு."

"ஆமாங்கய்யா. டிரில் வேணும்."

"நல்லதா குடுங்க."

"ஆமாங்கய்யா. நல்லதுன்னா இது. இது சுவத்தைத் துளைக்காது, சுவரே வழிவிட்டுடும்."

என் ஜாதிக்காரன் என்று தோன்றியது. பொய் சொல்கிற ஜாதி. டிரில்லைக் கையில் கொடுத்தார். கனமாக, கச்சிதமாக, எண்ணெய் வாசனையோடு இருந்தது. அந்தக் கனத்தில் கை அடங்கிவிட்டது. ஒரு புதுச் சாமானைக் கடையில் வைத்துப் பிடித்துப் பார்க்கிற அந்த நேரத்தில், இதுவரை செய்த வேலையெல்லாம் சரியாக வராததற்குக் காரணம் இது இல்லாததுதான் என்று தோன்றும் பாருங்கள், அதற்காகவே கடைக்குப் போகலாம். கூடவே ஒரு ரசமட்டமும் வாங்கினேன். சின்னக் கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு காற்றுக்குமிழியை அடைத்து ஒரு கட்டையில் பதித்திருப்பார்கள். கட்டையைச் சுவரில் வைத்தால், குமிழி நடுவில் நின்றால் நேர், ஓரத்துக்குப் போனால் கோணல்.

வீட்டில் வைத்துப் பார்த்தேன். குமிழி நடுவிலும் நிற்கவில்லை, ஓரத்திலும் நிற்கவில்லை. அடுப்பில் வைத்த கடுகு மாதிரிக் குதித்தது. மறுநாளே திருப்பி எடுத்துக்கொண்டு போனேன்.

"தம்பி, இது ரிப்பேர். குமிழி நிக்கவே மாட்டேங்குது."

"ஆமாங்கய்யா, சில பீஸ் அப்படி வந்துடுது" என்று வாங்கி, முன்னாலிருந்த கண்ணாடி மேசையில் வைத்தார். குமிழி நடுவுக்கு வந்தது. இரண்டு கோடுகளுக்கும் மத்தியில் பரீட்சை எழுத வந்த நல்ல பிள்ளை போல உட்கார்ந்தது. நாங்கள் இருவரும் அதைப் பார்த்தோம். பிறகு அவர் என் கையைப் பார்த்தார். பிறகு உயரே ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியைப் பார்த்தார்.

"இங்க காத்து இருக்குல்லங்கய்யா. அதனால நிக்குது. பெருசா ஒண்ணு இருக்கு, அதைப் பாக்குறீங்களா?"

அவர் என் மானத்தைக் காப்பாற்றினார். கூடவே ஒரு பெரிய ரசமட்டத்தையும் விற்றார். இதில் எது முதலில் நடந்தது என்று இன்றுவரை என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

[இந்த இடத்தில் எனக்கே என் பாத்திரத்தின் மேல் சந்தேகம் வருகிறது. குமிழி குதித்ததைக் கண்ணால் பார்த்தவன், அது கடையில் நின்றதையும் பார்த்தவன், பேசாமல் மேஸ்திரியைக் கூப்பிட்டிருக்க வேண்டாமா? கதை எழுதச் சொல்லிக்கொடுக்கும் வகுப்பில் இப்படி ஒருத்தனைக் கொண்டுபோனால், "நம்பும்படியாக இல்லை, மாற்றி எழுதி வாருங்கள்" என்பார்கள். மாற்றி எழுத எனக்கும் ஆசைதான்.]

5

மருமகள் இவளை மருத்துவமனைக்கு அழைத்துப் போன காலை நேரத்தில் வேலையைத் தொடங்கினேன். முட்டியில் வைத்துக்கொள்ளும் மெத்தை, கண்ணுக்குக் கண்ணாடி, காதுக்கு மூடி எல்லாம் போட்டுக்கொண்டேன். கண்ணாடியில் என்னைப் பார்த்தபோது நிலாவுக்குக் கிளம்புகிறவன் போல இருந்தது. பார்த்த நிலாவும் ஓர் அடி பின்வாங்கியது. [பகலில் நிலா இல்லை. அடித்துவிடவும்.]

டைல்ஸில் துளைபோடும்போது முனை வழுக்கும். அதற்காக ஒட்டுநாடா ஒட்டி, அதன்மேல் புள்ளி வைத்து, எந்திரத்தை மெதுவாக ஓட்டி, கையை ஆடாமல் வைத்துக்கொள்ள வேண்டும். ஆடாமல் என்ற அந்த ஒரு சொல்லைத் தவிர மற்ற எல்லாவற்றையும் முறையாகச் செய்தேன்.

முதல் துளை எலுமிச்சம்பழம் நுழையும் அளவுக்கு வந்தது. இது மிகை இல்லை. எலுமிச்சம்பழம் வைத்தே பார்த்தேன். இரண்டாவது துளை முதல் துளையோடு போய்ச் சேர்ந்துகொண்டது. மூன்றாவதில் டைல்ஸ் விண்டது. அடுத்த தட்டுக்கு இடது கையையும் சேர்த்துப் பிடித்தேன். ஒரு கை ஆடினால் ஒரு பக்கம்தான் ஆடும். இரண்டு கை என்றால் கலந்து பேசிக்கொண்டு ஆடும் என்று தெரிந்துகொண்டேன்.

துளை இறுக்கமாக இருந்தால்தான் அதற்குள் பிளாஸ்டிக் உறையைச் செருகி, அதில் திருகாணியை முடுக்க முடியும். என் துளையில் உறையைப் போட்டால் உள்ளே விழுந்து, சுவருக்குள் எங்கோ ஓடிப்போனது. எடுக்க முடியவில்லை.

இந்த இடத்தில் ஒரு நல்ல மனிதன் என்ன செய்வான் என்று எனக்குத் தெரியும். நான் செய்தது: வெள்ளை சிமென்ட்டைக் குழைத்தேன். ஓட்டைகளை அடைத்தேன். ஈரமாக இருக்கும்போதே கைப்பிடியை வைத்து, ஆறு திருகாணிகளையும் கட்டைவிரலால் அழுத்தினேன், கேக்கில் மெழுகுவர்த்தி குத்துவது போல. வட்டத் தட்டு எல்லாவற்றையும் மறைத்துவிட்டது. பிறகு திருகாணித் தலைகளின் கீற்றுகள் ஒரே திசையைப் பார்க்கும்படி ஒவ்வொன்றையும் திருப்பிவைத்தேன்.

அந்தக் கடைசி வேலையை நினைத்துத்தான் எனக்கு அதிகம் கூசுகிறது. மற்றதெல்லாம் இயலாமை. கீற்றுகளைத் திருப்பியது கலை.

(அடிக்குறிப்பு போல ஒன்று: எந்திரத்தின் மேலும் சுவரின் மேலும் எந்தக் குற்றமும் இல்லை. ஆமாஞ்சாமி விற்றது நல்ல சரக்கு.)

6

மருத்துவமனையிலிருந்து வந்தவள் குளியலறை வாசலில் வாக்கரை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். நிறைய நேரம் பார்த்தாள்.

"அழகா இருக்குங்க" என்றாள்.

நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். "தொடாதே, இன்னும் இறுகல" என்றேன்.

சாயங்காலம் அவள் தன்னோடு வேலைபார்த்த கணக்கு டீச்சருக்குப் போன் செய்து பேசினாள். "எங்க வீட்டுக்காரரே மாட்டினாரு. ஆமாம், தன் கையாலயே. ஆள் வெக்கல. இனிமே எனக்கு யாரு தயவும் வேண்டாம்டி." நான் குடித்துக்கொண்டிருந்த டீயைக் கீழே வைத்தேன். கால் தம்ளர்தான் ஊற்றிக்கொள்வேன். அதற்கு மேல் ஊற்றினால் தளும்பும்.

அதற்குப் பிறகு கைப்பிடி இறுகவே இல்லை. காலநிலை சரியில்லை என்றேன். சுவரில் ஈரம் என்றேன். இந்த ரக சிமென்ட் மெதுவாகத்தான் பிடிக்கும், ஆனால் பிடித்தால் விடாது என்றேன். கம்பியில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவைத்தேன்.

"இன்னுமா மாமா காயல?" என்றாள் மருமகள். "நான் ஆபீஸ் போற வழியில பாலமே கட்டி முடிச்சு வண்டி ஓட விட்டுட்டாங்க."

"அது அவசரத்துக்குக் கட்டுனது. இது தரம்."

"தரம் காயுறதுக்குள்ள எனக்குப் பென்ஷன் வந்துடும் மாமா."

ஒவ்வொரு முறை இப்படிக் கேள்வி வரும்போதும் கடைக்குப் போனேன். சுவரில் சிவப்புக் கோடு அடிக்கும் விளக்கு ஒன்று. திருகாணி முடுக்கும் சின்ன எந்திரம் ஒன்று. டைல்ஸ் வெட்டும் கத்தி, பிடிமானக் கவ்வி, பெயர் தெரியாத இன்னொன்று. எல்லாவற்றையும் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். அடுத்த சாமான் வந்தால் எல்லாம் சரியாகிவிடும், பெயர்த்து எடுத்துப் புதிதாக மாட்டிவிடலாம் என்று ஒவ்வொரு முறையும் நம்பினேன். ஆமாஞ்சாமியும் ஆமாம் என்றார்.

காலையில் குளியலறைக் கதவு சாத்தப்பட்டதும் நான் ரேடியோவைச் சத்தமாக வைப்பேன். முன்பெல்லாம் அந்தப் பேச்சைக் கேட்டுச் சிரிப்பேன். இப்போது கேட்க முடியவில்லை. ஏன் என்று அப்போது யோசிக்கவில்லை. பாட்டு நன்றாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

நேற்று மருமகள் சொன்னாள், அலுவலகப் பயிற்சிக்காக ஒரு வாரம் வெளியூர் போகிறாளாம், இன்று சாயங்காலம் வண்டியாம். "ஒருத்தரை ஏற்பாடு பண்ணட்டுமா அத்தை?" என்று கேட்டாள்.

"எதுக்கு? அதான் கம்பி இருக்கே" என்றாள் என் மனைவி. என்னைப் பார்த்து, விசில் ஊதுவதற்கு முன் பிள்ளைகளைப் பார்ப்பது போல ஒரு பார்வை பார்த்தாள். "காஞ்சதோ காயலையோ, நாளன்னைக்கு நான் அதைப் பிடிக்கத்தான் போறேன்."

7

இனி நீங்கள் கேட்கலாம்: இவ்வளவையும் எழுதிவிட்டாய், இதையே அவளிடம் கொடுத்துவிடேன்?

அதைத்தான் நானும் திட்டம் போட்டு உட்கார்ந்தேன். நான் எழுதும் எதையும் முதலில் படிப்பவள் அவள்தான். கையில் ஒரு பென்சிலோடு படிப்பாள். பொய் வருகிற இடத்தில் ஓரத்தில் 'பொ' என்று ஓர் எழுத்து போடுவாள். நாற்பது கதைகள் எழுதியிருப்பேன். ஓரம் முழுக்கப் பொ பொ பொ என்று கோழி தீனி பொறுக்கியது போல இருக்கும். சமயத்தில் உண்மையாக நடந்ததற்கும் போட்டுவிடுவாள். எனக்கு அது பெருமை.

இப்போது இந்தக் கதையை அவள் படிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பூனைக்கு ஒரு பொ. பந்துக்கு ஒரு பொ. குமிழி, எலுமிச்சம்பழம், நிலா. அப்படியே வந்து, 'அது ஓர் ஆளின் எடையைத் தாங்காது' என்ற வரிக்கும் ஒரு பொ போட்டுவிட்டு, பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, நாளைக் காலை போய்க் கம்பியைப் பிடிப்பாள்.

உண்மையைச் சொல்வதற்கு நான் தேர்ந்தெடுத்த இடம், நான் உண்மை சொன்னால் யாரும் நம்பாத ஒரே இடம்.

வேறு முடிவுகளையும் யோசித்தேன்.

அவள் தூங்கும்போது சத்தமில்லாமல் கம்பியைப் பிடுங்கிவிட்டு, சுவர் மட்டமான சுவர் என்று கட்டியவன் மேல் பழி போடுவது. [எழுதும்போதே நன்றாக வருகிறது. அதனாலேயே வேண்டாம்.]

மருமகளிடம் மட்டும் ரகசியமாகச் சொல்வது. அவள் பயணத்தை நிறுத்திவிடுவாள். என் பொய்யையும் அவளே சேர்த்துச் சுமப்பாள், காலையில் மாமியாரையும். [இதை நினைத்தவுடன்தான் எனக்கு அந்த ரேடியோ ஏன் என்று விளங்கியது.]

குளியலறையில் தண்ணீர் வராமல் செய்துவிடுவது. அதற்குத் தேவையான எல்லாச் சாமானும் கட்டிலுக்கு அடியில் இருக்—

எழுந்து போகிறேன்.

8

போய்விட்டு வந்துவிட்டேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். மிகையாக ஏதாவது கண்ணில் பட்டால் அது என் பழக்கம், நடந்தது அல்ல.

அவள் கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். மருமகள் தரையில் பெட்டியைத் திறந்துவைத்திருந்தாள்.

"நாளைக்கு அந்தக் கம்பியைப் பிடிக்காதே" என்றேன்.

"ஏன், ஷாக் அடிக்குமா?"

"அது சுவத்துல நிக்கல. சும்மா சிமென்ட்டுல செருகி வெச்சிருக்கு."

அவள் சிரித்தாள். "இது எந்தக் கதைக்கு?"

"கதை இல்ல. நெசமாத்தான் சொல்றேன்."

"பேங்க் மேனேஜர் தும்முனதுல கண்ணாடிக் கதவு ஒடஞ்சுதுன்னு கூட நெசமாத்தான்னு சொன்னீங்க. நான் நாலு பேருகிட்ட சொல்லி அசிங்கப்பட்டேன்."

"மாமா, அத்தையை பயமுறுத்தாதீங்க. நான் ஊருக்குப் போகணும்" என்றாள் மருமகள்.

வாயால் சொல்லிப் பயனில்லை என்று தெரிந்தது. "வா" என்று கூப்பிட்டேன். வாக்கரைத் தள்ளிக்கொண்டு வந்தாள். மருமகளும் பின்னால் வந்தாள். நான் குளியலறைக்குள் போய், சிவப்புத் துணியை அவிழ்த்துவிட்டு, இரண்டு விரலை வளைத்துக் கம்பியில் போட்டு இழுத்தேன்.

சத்தமே இல்லாமல் கையோடு வந்துவிட்டது.

சுவரில் இரண்டு பெரிய ஓட்டைகள். வெள்ளைத் தூள் கொட்டியது. கம்பி என் கையில் இருந்தது. தட்டுகளில் தொங்கிய திருகாணிகள் கிலுகிலுவென்று ஆட ஆரம்பித்தன. கிலுகிலுப்பை மாதிரி. அதைக் கீழே வைத்திருக்கலாம். எனக்குத் தோன்றவில்லை. மூன்று பேரும் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றோம்.

"மாமா!" என்றாள் மருமகள்.

என் மனைவி சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எப்போலேர்ந்து தெரியும்?"

"மாட்டுன அன்னைக்கே."

"அப்போ இத்தனை நாளும்..." என்று ஆரம்பித்தாள். முடிக்கவில்லை. மருமகளிடம், "நீ போயி பெட்டியை அடுக்கும்மா" என்றாள். அவள் போகும்வரை காத்திருந்தாள்.

"எனக்குக் கூச்சம் போனா போகட்டும், உங்களுக்கு மானம் போயிடக் கூடாது. அதானே?"

"நான் அப்படி நினைக்கல."

"நினைச்சிருந்தாக்கூட சண்டை போட்டு முடிச்சிருப்பேன். நினைக்கவே இல்லையே நீங்க. தினமும் அந்தக் கதவுக்குள்ள நான் எப்படி உக்காந்திருக்கேன்னு ஒரு தடவை நினைக்கலையே."

கம்பியை அப்போதுதான் தரையில் வைத்தேன்.

"மேஸ்திரிக்குப் போன் போடுங்க" என்றாள்.

போட்டேன். இந்த வாரம் ஓரிடத்தில் கூரை வேலை, அது முடிந்துதான் வர முடியும் என்றார். அவளிடம் சொன்னேன். பயணத்தைத் தள்ளிப்போடும்படி மருமகளிடம் கேட்கலாம் என்றும் சொன்னேன். அந்த இரண்டாவது வாக்கியத்தைச் சொல்லி முடிப்பதற்குள் அது தப்பு என்று எனக்கே தெரிந்துவிட்டது.

"அவ போகட்டும். அவ இனிமே இந்த வேலையைச் செய்ய வேண்டாம். மேஸ்திரி வர்ற வரைக்கும் நீங்க குளிப்பாட்டுங்க."

"நானா? என் கை—"

"கை நடுங்குறது எனக்குத் தெரியும். சாப்பிடுறப்ப தட்டு பேசுது. நடுங்குற கையால ஊத்தினா தண்ணி என்ன மாட்டேன்னா சொல்லும்?"

"எந்திரிக்கும்போது?"

"உங்க தோளைப் பிடிச்சுக்கறேன்." வாக்கரைத் திருப்பினாள். கதவைத் தாண்டும்போது திரும்பாமலே கேட்டாள்: "தோளாவது உள்ள மாட்டியிருக்கா, இல்ல அதுவும் வெள்ளை சிமென்ட்தானா?"

இதை அவள் வேடிக்கையாகச் சொன்னாள் என்று எழுத எனக்கு மிகவும் ஆசை.

9

காலை. மருமகள் நேற்றே போய்விட்டாள். போகும்போது என்னிடம், "பக்கெட்டை முழுசா நிரப்பாதீங்க மாமா, தூக்க முடியாது. முதல்ல கால்ல ஊத்துங்க, அப்புறம் தோள்ல. தலைக்கு ஊத்துறதுக்கு முன்னாடி சொல்லிட்டு ஊத்துங்க" என்றாள். மாமனாருக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறதே என்ற கூச்சத்தில் என் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். இத்தனை ஆண்டு குடித்தனத்தில் என் மனைவிக்கு நான் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றியதில்லை என்பது எனக்கும் அப்போதுதான் உறைத்தது.

இந்தக் கதைக்கு ஒரு முடிவு வேண்டும். எழுதிப் பார்க்கிறேன்.

"அவர் தண்ணீரை ஊற்றினார். அதிசயமாக, அன்று கை நடுங்கவே—"

[நடுங்கும்.]

"நடுங்கிய கையிலிருந்து தண்ணீர் தெறித்தது. அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பில்—"

[சிரிப்பாளா என்று தெரியாது. நேற்றிலிருந்து சிரிக்கவில்லை. எனக்குத் தேவைப்படுகிற சிரிப்பை அவள் வாயில் நான் வைக்கக் கூடாது.]

"எழுந்திருக்கும்போது அவள் அவர் தோளைப் பிடித்தாள். தோள்—"

"என்னங்க, தண்ணி ஆறுது."

"இதோ வர்றேன்."

"எழுதினது போதும். சட்டையைக் கழட்டிட்டு வாங்க, நனைஞ்சுடும்."

போகிறேன். ஸ்டூலைச் சுவரோடு ஒட்டிப் போட்டிருக்கிறேன். தரையைத் துடைத்துவிட்டேன். வாசல்வரை நீங்களும் கூடவே வந்துவிட்டீர்கள். நான்தான் அழைத்து வந்தேன், உங்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவள் உடம்பை அவள் கேட்காத ஒரு கண், மருமகளின் கண், இத்தனை நாள் பார்த்துவிட்டது; பார்க்க விட்டவன் நான். அதோடு உங்கள் கண்ணையும் சேர்த்துக்கொண்டு உள்ளே போக எனக்கு மனசு வரவில்லை.

தோள் தாங்கியதா என்பதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டில் யாராவது எழுந்திருக்கும்போது பிடித்துப் பார்த்துச் சொல்லுங்கள்.

நான் கதவைச் சாத்துகிறேன்.